இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் மஞ்சள்

கழுவி முடித்த இரும்பை வேண்டாக்கா நாக்கின் நுனியால் தொட்டுப் பார்ப்பார். உப்புக் கரித்தால் மறுபடியும் கிணற்றடிக்குத் தூக்கிப் போவார். "இது கடக்கர இரும்பு. மேல எத்தினி பெயிண்ட்டு அட்ச்சாலும் உள்ள உப்பு இருந்தா ஆறே மாசம், வெங்காயத் தோலு மாரி உரிஞ்சிகினு வந்துடும்" என்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் தடவை போனபோது, "இன்னிக்குக் கரிக்குதா வேண்டா?" என்று அவரே கேட்டார்.

வேண்டாக்காவின் ஊர் மானாம்பதிப் பக்கம் ஒரு கிராமம். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்தது. இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியட்டும் என அந்தப் பெயரை வைத்தார்கள். "எனக்கு அடுத்ததும் பொண்ணுதான். எம்பேரு வேல செய்யல" என்று அவர் சிரிப்பார். 1988இல் செங்கல்வராயனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் செங்கல்பட்டில் ஒரு லாரி பட்டறையில் ஃபிட்டர். ஐந்து வருடம் கழித்துத் திருக்கழுக்குன்றத்தில், செங்கல்பட்டு போகும் சாலையில், சொந்தமாக ஒரு கொட்டகை போட்டார். பலகையில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

பழைய கார்களின் அடிப்பாகம்தான் அங்கே வேலை. சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும் பாகங்கள்: வில்லைப் போல வளைந்த பட்டைகள், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள், அவற்றை இணைக்கும் தண்டுகள். கடற்கரைக் காற்றில் இவைதான் முதலில் துருப்பிடிக்கும். செங்கல்வராயன் கழற்றிக் கொடுப்பார். சுரண்டிக் கழுவிப் பெயிண்ட் அடித்துத் திருப்பிக் கொடுப்பது வேண்டாக்காவின் வேலை. செங்கல்வராயன் மறுபடியும் மாட்டுவார். கல்யாணமான புதிதில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர், பிறகு அதை வைக்கவே இல்லை.

பெயிண்ட் காலை பதினொரு மணிக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து காற்று திரும்பும். அந்த ஈரம் காயாத பெயிண்ட்டில் உட்கார்ந்தால் பளபளப்பு செத்துப்போகும். முதலில் செம்மண் நிறத்தில் ரெட் ஆக்சைடு இரண்டு கை, நடுவில் உப்புத்தாள் தேய்ப்பு, கடைசியில் கறுப்பு. சவுக்குக் கழியில் கம்பி கட்டி, ஒன்றோடொன்று இடிக்காமல் தொங்கவிடுவார். கொட்டகையைக் கடந்து போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஏதோ மீன் காயப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

1995 மார்கழியில் ஒரு நாள் அது நடந்தது. வாசலில் கோலம் போடப் போனபோது, முந்தின நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்திருந்த ஒரு சக்கரக் கை குறுக்கே கிடந்தது. அதை நகர்த்தும்போது கோலமாவுக் கிண்ணம் சரிந்து அதன் மேல் கொட்டியது. அப்படியே விட்டுவிட்டுக் கோலத்தை முடித்துத் திரும்பிப் பார்த்தால், வெள்ளை மாவின் மேல் தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. ஊதினார், போகவில்லை. துடைத்துவிட்டு மறுபடி மாவு தூவினார். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே கோடு.

"இன்னாம்மே, இரும்பு மேலயே கோலமா?" என்று செங்கல்வராயன் சிரித்தார். வேண்டாக்கா விடாமல் நச்சரிக்கவும், அதைப் பட்டறைப் பிடியில் இறுக்கிச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். கோடு இருந்த இடத்தில் அது இரண்டாகப் போனது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெயைக் காய்ந்த மாவு வெளியே உறிஞ்சியிருக்கிறது. அன்று செங்கல்வராயன் எதிர்ப்பக்கம் எல்லப்பன் டீக்கடைக்கு ஓடிப் போய், "எம் பொண்டாட்டி கண்டுபுட்ச்சா" என்று இரண்டு துண்டையும் எல்லோருக்கும் காட்டினாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் வேண்டாக்கா அந்த வாக்கியத்தை அவர் குரலிலேயே சொல்வார்.

அதற்குப் பிறகு மாவு பார்க்காத எந்தப் பாகத்துக்கும் அவர் பெயிண்ட் அடித்ததில்லை. கோடு விழுந்தால் பக்கத்திலேயே ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறித் தனியாக வைத்துவிடுவார். கோடு விழாதது சோப்புக் கழுவலுக்குப் போகும், பிறகு நாக்கு, பிறகு வெயில், பிறகு பெயிண்ட். கறுப்பு காய்ந்த பின் மோதிர விரலால் மஞ்சள் பெயிண்ட்டைத் தொட்டு ஒரு பொட்டு. அது வண்டிக்காரருக்கு அல்ல. மாட்டப் போகிற செங்கல்வராயனுக்கு. ஆகையால் வெளியே தெரியாத பக்கத்தில்தான் வைப்பார். பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினால் அந்தப் பொட்டுகள் உள்ளே மறைந்துவிடும்.

மறைந்தாலும் பெயர் பரவியது. சென்னையிலிருந்து பழைய கார் வைத்திருப்பவர்கள் வந்து, "அக்கா மஞ்சள் வெச்சாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எல்லப்பன் ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னா அண்ணாத்த, வூட்டுக்காரம்மா கையெழுத்து போட்டாத்தான் ஒன் வண்டி வெளிய போவுமாமே" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். செங்கல்வராயனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

எங்கள் குடும்பம் பொள்ளாச்சியிலிருந்து வந்தது. அப்பா முத்துசாமிக்குக் கல்பாக்கத்தில் வேலை. உலோகக் குழாய்களிலும் பற்றவைப்புகளிலும் விரிசல் இருக்கிறதா என்று பரிசோதிக்கும் பிரிவில் இருபது வருடம் இருந்தார். 1999இல் 1956ஆம் வருடத்து மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். குவார்ட்டர்ஸ் வாசலில் அதை நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மா ஞானம்மாள் அதில் ஏறவே மாட்டார். சிறுமியாக இருந்தபோது வால்பாறை மலைப் பாதையில் அவர் போன பஸ்ஸுக்குப் பட்டை ஒடிந்து, பின் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் தொங்கியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பார். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்க காரு நல்ல காருதானுங்க. நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்பதுதான் பதில்.

2002 கடைசியில் அப்பா காரின் அடிப்பாகம் முழுவதையும் செங்கல்வராயனிடம் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போயிருந்தபோது வேண்டாக்கா முன் சக்கரக் கையில் மாவு தூவிக்கொண்டிருந்தார். அப்பா அப்படியே நின்றுவிட்டார். "இதேதானே நாங்க செய்யறோம். சிவப்புச் சாயம் தடவி, மேல வெள்ள மருந்து அடிச்சு… நீங்க கோலமாவுலயா பண்றீங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரை அழைத்துவந்து காட்டினார். வேண்டாக்காவுக்கு வெட்கம். "சார் பெரிய ஆபீஸ்ல பண்றது, நாங்க குப்பைல பண்றோம்" என்றார். அப்பா, "இல்லீங்க. கண்ணு ஒண்ணுதான்" என்றார். அதை அவர் நிஜமாகவே சொன்னார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அம்மா அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு விழவில்லை. கழுவி, காய்ந்து, கறுப்பாகி அந்தக் கை மஞ்சள் பொட்டு வாங்கும் வரை இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் வேண்டாக்காவிடம், "எல்லாத்துக்கும் நீ மஞ்சள் வெச்சுட்டீன்னா நான் ஏறறேன்" என்றார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்று வருடமாக அவரால் முடியாதது அது.

ஜனவரி பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் பழைய கார்களின் அணிவகுப்பு இருந்தது. அப்பா பெயர் கொடுத்திருந்தார். செங்கல்வராயனும் புதுச் சட்டை தைத்திருந்தார். சென்னைக்காரர்கள் நிறைய வருவார்கள், தன் வேலையைப் பார்ப்பார்கள் என்று. பின்பக்கத்து வலது தலைப் பட்டை ஒன்றைத் தவிர எல்லாமே மஞ்சள் வாங்கியிருந்தன; அது மட்டும் பாக்கி. மாட்டுப் பொங்கல் அன்று, வியாழக்கிழமை, வேண்டாக்கா அதற்கு மாவு பார்த்தார். மற்றப் பட்டைகளையெல்லாம் தாங்கும் அந்த நீளமான பட்டையில், நடு ஓட்டையிலிருந்து ஓரத்தை நோக்கிக் கோடு ஓடியது.

ஆணியால் குறி கீறினார். "இந்தப் பட்ட ஆவாதுயா" என்றார்.

"பொங்கலுக்குப் பட்டைக் கடை மூடிக்கினு கீது. திங்கக்கெழமதான் தொறப்பான்."

"அப்ப திங்கக்கெழம மாட்டு. சாராண்ட சொல்லிடு."

"சரி, நான் பாத்துக்கிறேன். நீ காணும் பொங்கலுக்கு ஒங்கம்மா வூட்டுக்குப் போறல்ல. ரெண்டு நாளு கூட இருந்துட்டு வா. எப்பப் பாரு இரும்புலயே கெடக்கிற."

பதினைந்து வருடக் கல்யாணத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் விடிகாலை போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றுதான் வழக்கம். வேண்டாக்கா வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினார். அக்காக்களிடம், "அவரே சொன்னாரு, இருந்துட்டு வான்னு" என்று எத்தனை முறை சொன்னாரோ, மூத்த அக்கா, "சரிடி, ஒம்புருசன் ஒசத்திதான், ஒத்துக்கினோம்" என்று கும்பிட்டாராம்.

சனிக்கிழமை காலை அப்பா கொட்டகைக்குப் போய்விட்டு, மாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அடிப்பாகமெல்லாம் கறுப்பில் மின்னியது. அம்மா வாசலில் நின்றபடி, "ஏனுங்க, வேண்டா எல்லாத்துக்கும் மஞ்சள் வெச்சாளா?" என்றார்.

"வெச்சாச்சு. வா, பாரு."

அப்பா பின் சக்கரத்தின் அருகே குனிந்து கை காட்டினார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலிட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். பட்டையின் அடியில் பளிச்சென்று மஞ்சள் இருந்தது. அம்மா அதைத் தொட்டுவிட்டு எழுந்து, கையில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே, "அப்ப நாளைக்கு நான் முன்னால உக்காந்துக்கறேன்" என்றார்.

அணிவகுப்பில் காரின் முன்னால் வைக்க ஓர் அட்டை வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது என் பொறுப்பு. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: வருடம், மாடல், உரிமையாளர், அடிப்பாக வேலை செங்கல்வராயன், திருக்கழுக்குன்றம். "வேண்டாக்கா பேரு?" என்று கேட்டேன். "அட்டைல எடமில்ல கண்ணு" என்றார். எழுத்தைச் சின்னதாக்கினால் இடம் இருந்தது. நான் சின்னதாக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகவே போனது. அம்மா முன் சீட்டில் நேராக உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் கடலைப் பார்த்தபடி வந்தார். விடுதியில் நிறைய பேர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். செங்கல்வராயன் காரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓர் ஆள் அட்டையைப் படித்துவிட்டு அவரைப் படம் எடுத்தார். அப்பா அன்று முழுவதும் முப்பது, நாற்பதுக்கு மேல் வேகம் எடுக்கவே இல்லை. அம்மாவுக்குப் பயமாக இருக்கும் என்பதற்காக மெதுவாக ஓட்டுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும் வழியில் நாலு மணி இருக்கும். ஒரு சின்னப் பாலத்தை அடுத்த மேட்டில் கார் ஏறி இறங்கியபோது வலது பக்கம் பின்னால் மரம் முறிவது போல ஒரு சத்தம். கார் தானாக வலப்பக்கம் திரும்பியது. அப்பா ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் கேட்கவில்லை. சாலையைத் தாண்டி மணலில் இறங்கி ஒரு சவுக்கு மரத்தில் மோதி நின்றது. அப்பாவுக்கு உதட்டில் காயம். பின் சீட்டிலிருந்த எனக்கு ஒன்றுமில்லை. அம்மா முன்னால் கையை ஊன்றியிருந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. அவர் அழவில்லை. "அதே சத்தம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அழைத்துப் போனோம். காரைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள். மறுநாள் காலை அப்பா தனியாகப் போகிறேன் என்றார். அம்மா கேட்கவில்லை. "நான் வேண்டாவப் பாக்கணும்" என்றார்.

நாங்கள் போனபோது வேண்டாக்கா அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மஞ்சள் கொத்தும் கரும்பும். அவற்றைக் கீழே வைக்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் இடித்துவிட்டது என்று மட்டும் செங்கல்வராயன் சொல்லியிருந்தார். எல்லப்பனும் இன்னும் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்து நின்றார்கள். ஒடிந்த பட்டைகளைச் செங்கல்வராயன் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார்.

அம்மாவின் கட்டைப் பார்த்ததும் வேண்டாக்கா, "ஐயோ, இன்னாம்மா இது?" என்று ஓடி வந்தார்.

"உன் மஞ்சளப் பார்த்துட்டுத்தான வேண்டா நான் ஏறுனேன்" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேண்டாக்கா பதில் சொல்லுமுன் செங்கல்வராயன் குறுக்கே வந்தார். "பொம்பள கண்ணும்மா. பொங்கல் அவசரத்துல எங்கியோ தவறிட்ச்சு. எத்தினியோ வண்டிக்கு நல்லாத்தான் பாத்தா. பெரிய மனசு பண்ணி வுட்டுடும்மா."

"பட்டை ஒடியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்" என்றார் அப்பா. அவர் யாரையும் பார்க்கவில்லை. "யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அட்டையில் இடமில்லாமல் போன பெயருக்கு இங்கே இடம் இருந்தது.

வேண்டாக்கா பையைக் கீழே வைத்தார். "எங்க மஞ்சள் பாத்தீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒடிந்த பட்டையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். வேண்டாக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். நீளவாக்கில் பிரஷ் மயிரின் கோடுகள் தெரிந்தன.

"நான் வெக்கிற மஞ்சள நீங்க பாக்க முடியாதும்மா" என்றார். கீழே கிடந்த மற்றப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். மேல்பக்கத்தில், ஒன்றோடொன்று படிந்து மறையும் இடத்தில், விரல் நுனி அளவில் வட்டமாக ஒரு பொட்டு. எல்லாவற்றிலும் இருந்தது. ஒடிந்த தலைப் பட்டையில் மட்டும் உள்பக்கம் வெறும் கறுப்பு. மாட்டி முடித்த பிறகு யாரோ வெளியே பூசிய மஞ்சள்தான் அதற்கு.

பிறகு அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டினார். அது பெரிய செதிலாக உரிந்து வந்தது. உள்பக்கம் மண்ணெண்ணெய் மணத்தது. கழுவாத இரும்பின் மேல் அடித்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உரித்தார். ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி இருந்தது.

வேண்டாக்கா ஆள்காட்டி விரலை அந்தக் குறியின் மேல் வைத்தார். எல்லப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கடைப் பக்கம் பார்த்தார்.

"இது நீ போட்டதா?" என்றார் அம்மா.

"நான்தாம்மா. வியாழக்கெழம. ஆவாதுன்னு சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போனேன்."

அம்மா செங்கல்வராயனைப் பார்க்கவில்லை. மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதான குனிஞ்சு கை காட்டுனீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு நாளைக்குத்தானேன்னு… மெல்லப் போனாத் தாங்கும்னு நெனச்சேன். திங்கக்கெழம மாத்திக்கலாம்னு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"செங்கல்வராயன் ஃபோன் பண்ணிச் சொன்னாரு."

"நான் இன்னா சொன்னேன்?" என்றார் செங்கல்வராயன். "விரிசல் கீது சார், இன்னா செய்யட்டும்னு கேட்டேன். நீதான் சார் வந்து பாத்துட்டு ஓட்டலாம்னு சொன்ன. அம்மா கேப்பாங்க, மஞ்சள் மட்டும் தெரியிற மாரி வையின்னு சொன்னதும் நீதான்."

"ஞாயித்துக்கெழமைக்குக் காரத் தரலைன்னா உங்க பேரு போயிடும்னு நீங்க சொல்லலியா?"

அம்மா இடது கையால் மாவுக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போனா தாங்கும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. நான் பஸ்ஸுல வந்திருப்பேன்" என்றார்.

வேண்டாக்கா செங்கல்வராயனைப் பார்த்தார். அந்த மஞ்சளைப் பற்றியோ, பொம்பள கண் என்று சொன்னதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"ரெண்டு நாளு கூட இருந்துட்டு வான்னியே. அதுக்காவவா?"

செங்கல்வராயன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"எங்க அக்காங்க எல்லாராண்டயும் சொல்லிக்கினு இருந்தேன்யா" என்றார் வேண்டாக்கா. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் கிளம்பும் வரை அவர் வெளியே வரவில்லை.

அப்பா அந்தக் காரைப் படூரில் ஒருவருக்கு விற்றார், பட்டை மாற்றிய பிறகுதான். ஓய்வு பெறும் வரை அதே பிரிவில்தான் இருந்தார். அங்கே அவர் கையெழுத்தை நம்பாதவர்கள் யாருமில்லை. அம்மாவின் மணிக்கட்டு கூடியது. ஆனால் துணி பிழிய வராது. இருவருக்கும் நடுவே சண்டை ஒன்றும் நான் பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்று அப்பா சொன்னால் அம்மா எழுந்து போய்ப் பார்ப்பார். கதவு பூட்டியாயிற்று என்றால் இழுத்துப் பார்ப்பார். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருப்பார்.

வேண்டாக்கா அந்த வருடமே திருப்போரூரில், ஒரு லேத் பட்டறையை ஒட்டி, தனியாகக் கொட்டகை போட்டார். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். "வூடு ஒண்ணுதான். சோறு ஆக்கிப் போடுறேன். வேலதான் வேற" என்று அம்மாவிடம் சொன்னாராம். செங்கல்வராயன் கழற்றிய எந்தப் பாகத்தையும் அவர் தொடுவதில்லை. செங்கல்வராயன் சில நாள் திருப்போரூர் பக்கம் வருவார், எதிரே நின்று டீ குடித்துவிட்டுப் போய்விடுவார் என்று லேத் பட்டறைக்காரர் சொன்னார்.

2007இல், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நான் ஒரு பழைய ஃபியட்டை வாங்கினேன். கடற்கரை வண்டி, அடியெல்லாம் துரு. முன் சக்கரக் கைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு திருப்போரூருக்குப் போனேன். வேண்டாக்கா என்னைப் பார்த்ததும், "அம்மா கை எப்பிடி கீது?" என்றுதான் கேட்டார். சுரண்டினார், ஊறவைத்தார், துடைத்தார். என்னை ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். வராவிட்டால் மாவு போட மாட்டேன் என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் என்று லேத் பட்டறைக்காரர் சொன்னார். சென்னைக்காரர்கள் சிலர், அவ்வளவு தூரம் எப்படி வருவது என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

நான் போனதும் துணியில் கட்டிய கோலமாவை இரும்பின் மேல் தட்டித் தூவினார். இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். கால் மணி நேரம் இருக்கும்.

"பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெள்ளை மாவு. வேறொன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா."

"திருப்பிப் பாரு. ஓட்ட கிட்ட பாரு."

திருப்பிப் பார்த்தேன். ஓட்டைகளைச் சுற்றிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா. கோடு இல்ல."

"இல்லன்னு நீ சொல்ற. நான் சொல்லல."

"சரிக்கா. நான்தான் சொல்றேன்."

தலையாட்டினார். மஞ்சள் வைப்பதை அவர் விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. இரும்பை எடுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்தார். அதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.